கூடையில் வந்த வாதாம் இலைகள்

மாமா: ...அதனாலதான் சொல்றேன் மாப்ள. மனுஷன் கண்டுபிடிக்க வேண்டியதை எல்லாம் கண்டுபிடிச்சு முடிச்ச நாள்னு ஒண்ணு இருக்கு. எந்த நாள்னு சொல்லு பாப்போம்.

மாப்ள: தெரியலையே மாமா.

மாமா: நீளமான கம்போட நுனியில எவனோ ஒருத்தன் பிரஷ்ஷைக் கட்டினான் பாரு, அந்த நாள். அதோட முடிஞ்சுது. அதுக்கப்புறம் வந்தது எல்லாம் வெட்டி வேலை.

மாப்ள: கரண்ட்டு?

மாமா: வெட்டி வேலை.

மாப்ள: ஃபோன்?

மாமா: அது வெட்டி வேலைக்குன்னே வந்தது.

மாப்ள: சரி. குளம் கழுவுற மெஷின், இந்த மூணு படத்துல எது நல்லாருக்குன்னு சொல்லுங்க. அக்கா வர்றதுக்குள்ள ஒண்ணை முடிவு பண்ணணும்.

மாமா: மூணுமே ஆமை மாதிரி இருக்கு. லீவுக்கு அக்கா வீட்டுக்கு வந்தவன் சாப்பிட்டோமா தூங்கினோமான்னு இருக்கணும். என் நீச்சல் குளத்துல வந்து ஆமை விடுறியே, நியாயமாடா?

மாப்ள: முதல் ஆமை, நம்ம பம்ப்போட உறிஞ்சுற குழாயில மாட்டுறது. விலை கம்மி. ஆனா பம்ப் ஓடினாத்தான் இதுவும் ஓடும். அழுக்கு எல்லாம் நேரா பம்ப்போட ஃபில்டருக்குப் போகும்.

மாமா: அந்த ஃபில்டர் ஏற்கனவே இருமிக்கிட்டிருக்கு.

மாப்ள: ரெண்டாவது, தண்ணிய அழுத்தி அனுப்பி ஓட்டுறது. இலை நிறைய விழுற குளத்துக்கு நல்லது. ஆனா சில சமயம் அதுக்குன்னு இன்னொரு பம்ப் வேணும்.

மாமா: பம்ப்புக்குத் துணையா ஒரு பம்ப். ரெண்டுக்கும் துணையா நான்.

மாப்ள: மூணாவது ரோபோ. சொந்த மோட்டார், அழுக்கு சேரச் சொந்தக் கூடை. பம்ப்பை நிறுத்தி வச்சாக்கூட ஓடும். சுவர் ஏறும்.

மாமா: சுவர் ஏறுமா?

மாப்ள: ஏறும்.

மாமா: எதுக்கு?

மாப்ள: பாசி சுவர்லதானே மாமா பிடிக்குது.

மாமா: ...ஏறி, அப்படியே வெளிய வந்து, வீட்டுக்குள்ள வந்துடாதே?

மாப்ள: தண்ணி மட்டம் வந்ததும் இறங்கிடும்.

மாமா: மட்டம் வந்துடுச்சுன்னு அதுக்கு எப்படிடா தெரியும்?

மாப்ள: பாத்தீங்களா, ஆசை வந்துடுச்சு.

மாமா: ஆசையாவது மண்ணாவது. எதிரியைப் பத்தித் தெரிஞ்சு வச்சுக்கிறேன்.

அக்கா: என்ன, முடிவு பண்ணியாச்சா?

மாமா: வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு.

அக்கா: அந்த வலது கையைக் கொஞ்சம் தூக்குங்க.

மாமா: எதுக்கு?

அக்கா: தூக்குங்களேன்.

மாமா: இப்ப தூக்குற மாதிரி இல்ல. மனசு சரியில்ல.

அக்கா: கேட்டுக்கடா தம்பி. டாக்டர் சொன்னது இதுதான். உங்க மாமாவுக்குத் தோள்ல தசைநார் நைஞ்சுபோய் இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் அந்தக் கம்பைத் தள்ளிக்கிட்டே இருந்தா கை மேலயே வராது. கையைத் தூக்க முடியாதவர்கிட்ட யாரு பிள்ளையை நீச்சல் கத்துக்க அனுப்புவா? திங்கக்கிழமை வகுப்பு ஆரம்பிக்குது.

மாமா: டாக்டர்னா பயமுறுத்தத்தான் செய்வார். அவர் வேலை அது.

அக்கா: கம்பையும் பிரஷ்ஷையும் ஸ்டோர் ரூம்ல வச்சுப் பூட்டிட்டேன். சாவி என்கிட்ட. நானே முடிவு பண்றேன், ரோபோதான். அதை ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஓட்டிப் பாருங்கன்னு கடைக்காரர் சொல்லியிருக்கார். அன்னிக்குக் காலையில வந்து நம்ம முன்னாடியே ஒரு தடவை ஓட்டிக் கூடையைத் திறப்பார். அழுக்கு வந்தா மெஷின் இருக்கும். கூடை காலியா இருந்தா எடுத்துட்டுப் போயிடுவார். சும்மா சுத்துற பொம்மைக்கு நான் செலவு பண்ண மாட்டேன்.

மாமா: எடுத்துட்டுப் போயிட்டா?

அக்கா: சாவியைத் தரேன். அப்புறம் உங்க கை, உங்க பாடு.

*

மாமா: என்னடா, குழந்தையைக் குளிப்பாட்ட இறக்குற மாதிரி இறக்குற? தூக்கிப் போடு.

மாப்ள: உள்ள இருக்கிற காத்து வெளிய வரணும் மாமா. இல்லேன்னா மிதக்கும்.

மாமா: மிதந்தா அது ஒரு குறையா? மிதங்கடா மிதங்கடான்னு வருஷம் முழுக்க நான் தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கேன்.

மாப்ள: குமிழி வருது பாருங்க... வருது... ஆங், மூழ்கிடுச்சு.

மாமா: சந்தோஷம். முதல் வகுப்புலயே மூழ்கின மாணவனை இப்பத்தான் பாக்குறேன்.

மாப்ள: அந்த ஒயரை முழுசா விரிச்சு விடுங்க. சுருண்டு கிடந்தா சிக்கிக்கும். பவர் பாக்ஸைத் தொடாதீங்க, அது தண்ணிக்குத் தள்ளியே இருக்கணும்.

மாமா: ஒயர் அந்தக் கடைசி மூலைக்கு எட்டுமா?

மாப்ள: அக்காவோட துணி காயப்போடுற கயித்தை அவுத்து அளந்து பாத்துட்டுத்தான் கடையில சொன்னேன்.

மாமா: அதான் நேத்து என் பனியன் ஈரமா இருந்துச்சா?

மாப்ள: அறிவியல்னா சில தியாகம் இருக்கும் மாமா.

மாமா: நேரா போகுது... முட்டுது... யோசிக்குது... டேய். டேய் மாப்ள. நிஜமாவே ஏறுதுடா!

மாப்ள: வாயை மூடுங்க மாமா, கொசு போயிடும்.

மாமா: ஏறி என்ன பிரயோஜனம்? கூடையில ஒண்ணும் வராது. எழுதி வச்சுக்கோ.

மாப்ள: எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்க?

மாமா: அனுபவம்.

மாப்ள: அது சரி... நேத்து சாயங்காலம் பாத்தப்ப அடியில மண்ணு திட்டுத்திட்டா இருந்துச்சே. இன்னிக்கு எப்படிப் பளிங்கு மாதிரி இருக்கு?

மாமா: தண்ணிக்கும் ரோஷம் இருக்கும்ல? மெஷின் வருதுன்னு கேள்விப்பட்டதும் தானா தெளிஞ்சிருக்கும்.

மாப்ள: அந்தச் செவுத்து ஓரமா ஒரு மூங்கில் கம்பு நிக்குதே. அதுல எதுக்கு வீட்டு விளக்குமாத்தைக் கட்டி வச்சிருக்கு?

மாமா: ஒட்டடை அடிக்க.

மாப்ள: நனைஞ்சிருக்கே?

மாமா: ஈர ஒட்டடை.

மாப்ள: மாமா...

மாமா: என்ன மாமா? உங்க அக்கா பூட்டினது பிரஷ்ஷை. விளக்குமாத்தைப் பத்தி அவ ஒண்ணும் சொல்லலையே.

மாப்ள: மெஷின் ஓடுறதுக்கு முன்னாடி நீங்களே கூட்டிட்டா கூடையில என்ன வரும்?

மாமா: அதைத்தான் நானும் ஆவலா பாத்துக்கிட்டிருக்கேன்.

மாப்ள: ...நின்னுடுச்சு. இருங்க, தூக்குறேன். ஒயரைப் பிடிச்சு இழுக்கக்கூடாது, கைப்பிடியைப் பிடிச்சுத்தான் தூக்கணும். தண்ணி வடியட்டும்... திறக்கிறேன்.

மாமா: என்ன வந்திருக்கு?

மாப்ள: ஒரு முடி.

மாமா: யாரோடது?

மாப்ள: உங்களோடது இல்ல, பயப்படாதீங்க. உங்ககிட்ட விழுறதுக்கு ஒண்ணும் இல்ல.

மாமா: ஒரு முடியை எடுக்க இவ்வளவு பெரிய மெஷின்! நான் இதை ரெண்டு விரல்ல எடுத்திருப்பேன். எங்கடா போற?

மாப்ள: கூடையைக் கழுவ.

மாமா: ஒரு முடிக்கா?

மாப்ள: ஒவ்வொரு தடவையும் கழுவணும். வடிகட்டியோட கண்ணு அடைச்சுக்கிட்டா உறிஞ்சாது. அப்புறம் மெஷினை நிழல்ல வைக்கணும், வெயில்ல வச்சா ரப்பர் எல்லாம் வெடிச்சுடும். குளோரின் போடுற நேரத்துல தண்ணிக்குள்ள விடவே கூடாது.

மாமா: அதாவது... குளத்தைக் கழுவ ஒரு மெஷின். மெஷினைக் கழுவ நீ.

மாப்ள: ஆமா.

மாமா: உன்னைக் கழுவ யாரு?

மாப்ள: மாமா...

மாமா: துவட்டி விடுடா, சளி பிடிக்கப் போகுது. பவுடர் இருக்கா? மெஷினுக்கு ஆயா வேலை பாக்கிறதுக்கா காலேஜுக்கு அனுப்பினாங்க உன்னை? என் மானமே போகுது. நான் செத்தாலும் அந்தக் கூடையைத் தொட மாட்டேன்.

*

மாப்ள: மாமா! ஓடி வாங்க! கூடை நிறைய!

மாமா: என்ன நிறைய?

மாப்ள: நீங்களே பாருங்க. நேத்து ஒரு முடி. இன்னிக்கு பாருங்க, இலை! அக்கா, வந்து பாரு!

அக்கா: பரவாயில்லையே. வேலை செய்யுதே!

மாமா: ம்ம்... ம்ம். இலைதான்.

மாப்ள: ஞாயிற்றுக்கிழமையும் இதே மாதிரி வந்துட்டா முடிஞ்சுது அக்கா.

அக்கா: வரட்டும், பாக்கலாம். அடுப்புல வேலை இருக்கு, நான் போறேன்.

மாமா: மாப்ள.

மாப்ள: சொல்லுங்க மாமா.

மாமா: இது வாதாம் இலை.

மாப்ள: இருக்கலாம்.

மாமா: நம்ம வீட்டுல வாதாம் மரம் இருக்கா?

மாப்ள: ...இல்ல.

மாமா: பக்கத்து வீட்டுல?

மாப்ள: அங்க முருங்கை.

மாமா: தெருமுனையில, அந்தச் சைக்கிள் கடை வாசல்ல ஒண்ணு நிக்குது. அந்த இலை இங்க எப்படி வந்துச்சு?

மாப்ள: காத்துல.

மாமா: அங்க கிளம்பின காத்து, தெரு முழுக்க வேற எங்கயும் ஒரு இலை போடாம, வளைஞ்சு, நம்ம கேட்டைத் திறந்து, கொல்லைப்பக்கம் வந்து, குளத்துல மட்டும் கொட்டிட்டுப் போச்சு.

மாப்ள: காத்தை நாம என்ன சொல்ல முடியும்?

மாமா: காம்பு எல்லாம் ஒரே பக்கமா இருக்கு. கையில அடுக்கிப் பிடிச்ச மாதிரி.

மாப்ள: அது... சுழல் காத்து.

மாமா: பறவையா இருக்குமோ?

மாப்ள: பறவைதான்! காக்கா. கூடு கட்டும்ல?

மாமா: தண்ணிக்கு அடியிலயா?

மாப்ள: ...புதுக் காக்காவா இருக்கும். அனுபவம் போதாது.

மாமா: இன்னொண்ணும் கேக்கணும். நேத்து வேற வடிகட்டி போட்டிருந்த. கண்ணு தெரியாத அளவுக்கு நைஸா இருந்துச்சு. இன்னிக்குப் பெரிய பெரிய கண்ணா இருக்கே?

மாப்ள: நைஸா இருக்கிறது பொடி மண்ணுக்கு மாமா. பெரிய கண்ணு இலைக்கு. இலை வந்தா நைஸ் வடிகட்டி சீக்கிரம் அடைச்சுக்கும்.

மாமா: நல்ல விஷயம். ஆனா இலை வரும்னு ஓட்டுறதுக்கு முன்னாடியே உனக்கு எப்படித் தெரிஞ்சுது? காக்கா சொல்லுச்சா?

மாப்ள: வானிலையைப் பாத்து ஒரு கணிப்புதான் மாமா.

மாமா: எனக்கு ஒரே ஒரு சந்தேகம். மெஷினுக்கு இலை பொறுக்கிட்டு வந்து போட்டு வளக்கிற கிறுக்கன் எவனாவது இந்த உலகத்துல இருப்பானா?

மாப்ள: இருக்க மாட்டான் மாமா.

மாமா: ஆட்டுக்குட்டிக்குத் தழை போடுற மாதிரி. தடவிக் கொடுப்பான்ங்கிற?

மாப்ள: அவ்வளவு தூரம் போக மாட்டான்.

மாமா: கையில சிக்கினான்னா என்ன பண்ணலாம்?

மாப்ள: பெரிய மனசு பண்ணி மன்னிச்சுடலாம்.

மாமா: சரி. நாளைக்கும் கூடையைத் திறக்கிறப்ப என்னைக் கூப்பிடு. எனக்கு இந்தக் காக்காவைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்.

*

மாப்ள: என்ன மாமா, சட்டையைப் பாதி போட்டுக்கிட்டு நிக்கிறீங்க?

மாமா: இதுதான் இப்ப ஃபேஷன்.

மாப்ள: இன்னொரு கையை விடுங்க.

மாமா: விட்டுட்டேன்.

மாப்ள: எங்க விட்டீங்க? தொங்கிக்கிட்டிருக்கு.

மாமா: ...மேல வர மாட்டேங்குதுடா.

மாப்ள: எப்பலேர்ந்து?

மாமா: காலையில எந்திரிச்சதுலேர்ந்து. கத்தாதே, உங்க அக்கா காதுல விழும். கொஞ்சம் சட்டையை மாட்டி விடு. மெதுவா... அம்மா... மெதுவாடா!

மாப்ள: தினமும் விளக்குமாத்தைத் தள்ளினா வேற என்ன ஆகும்?

மாமா: பட்டனையும் போட்டு விடு.

மாப்ள: மாமா, நாளன்னிக்கு வகுப்பு.

மாமா: தெரியும்டா. குட்டிப் பசங்க அத்தனை பேரும் வந்து வரிசையா நிப்பாங்க. கையை இப்படித் தூக்கி, இப்படிப் போடணும்னு நான் காட்டணும். வாயால சொன்னா நீச்சல் வருமா?

மாப்ள: அப்ப இன்னிக்குக் கூட்டலையா?

மாமா: எதை வச்சுக் கூட்ட? பல்லால கவ்விக்கிட்டா? உன் ஆமை என்ன பண்ணுதோ பண்ணட்டும்.

மாப்ள: அது ஓடி முடிஞ்சுடுச்சு. வாங்க, நிழல்லதான் வச்சிருக்கேன். நைஸ் வடிகட்டிதான் போட்டேன்.

மாமா: இலை?

மாப்ள: இன்னிக்கு... இலை இல்ல. தூங்கிட்... காக்கா தூங்கிடுச்சு போல.

மாமா: திற.

மாப்ள: ...யம்மா!

மாமா: என்னடா இது, சேறு!

மாப்ள: கருப்பா... பாசி, மண்ணு, முடி. இது என்ன? கம்மல் திருகு!

மாமா: இவ்வளவும் என் குளத்துலயா இருந்துச்சு?

மாப்ள: நேத்துதானே கூட்டினீங்க?

மாமா: அதான் கேக்குறேன். நான் இத்தனை வருஷமா அப்ப எதைக் கூட்டினேன்?

மாப்ள: பிரஷ்ஷு கிளப்பிவிடும் மாமா, திரும்ப அடியில போய்ப் படியும். இது உறிஞ்சிக்கிட்டே போகுது. முதல் நாள் கொஞ்ச நேரம்தான் ஓட்டினேன், மறுநாள்லேர்ந்து பெரிய கண்ணு, மண்ணு நழுவிடுச்சு.

மாமா: சுவர்ல ஏறினதுனால இந்தப் பாசி... அந்த ஏணிக்குப் பின்னாடி எப்படிப் போச்சு? அங்க எனக்கே கம்பு நுழையாது. திருப்பு, அடியில பிரஷ் எப்படிச் சுத்துதுன்னு பாப்போம். இது தேஞ்சு போனா வேற கிடைக்குமா?

மாப்ள: கிடைக்கும். இருங்க, அப்படியே வைங்க. அக்காவைக் கூட்டிட்டு வந்து காட்டிடறேன். கடைக்காரர் வர்ற வரைக்கும் இதை அப்படியே மூடி வச்சுடலாம். இதை விட என்ன சாட்சி வேணும்!

மாமா: போ, போ. நான் பாத்துக்கிறேன்.

மாப்ள: தொடாதீங்க.

மாமா: போடா, எனக்குத் தெரியாதா.

*

மாப்ள: வா அக்கா, வந்து பாரு. மூக்கைப் பிடிச்சுக்கோ... மாமா, கூடை எங்க?

மாமா: இந்தா.

மாப்ள: இதுல இருந்த சேறு?

மாமா: ...நாறிக்கிட்டு இருந்துச்சுடா.

மாப்ள: அதனால?

மாமா: காஞ்சா கண்ணு அடைச்சுக்கும்னு நீதானே சொன்ன. அப்புறம் உறிஞ்சாதுன்னு. அதான்... குழாயைத் திறந்து...

மாப்ள: கழுவிட்டீங்களா?

மாமா: ஒரு கையாலதான். ஆனா நல்லா கழுவிட்டேன். மூலை எல்லாம் பல் விளக்குற பிரஷ்ஷை வச்சுத் தேச்சேன்.

அக்கா: யாரு பிரஷ்?

மாமா: அதை அப்புறம் பேசிக்கலாம்.

அக்கா: சரி, அழுக்கு எங்க?

மாப்ள: அக்கா, சத்தியமா இந்தக் கூடை நிறைய...

அக்கா: எனக்குத் தெரியறது பளபளன்னு ஒரு காலிக் கூடை. மாமனும் மச்சானும் சேர்ந்து என்ன நாடகம் போடுறீங்கன்னு தெரியல. நாளைக்குக் காலையில கடைக்காரர் முன்னாடி ஓட்டுவோம். அதுல வந்தா வந்துது.

மாப்ள: ...போயிட்டா. மாமா, ஏன் மாமா?

மாமா: கை சும்மா இருக்க மாட்டேங்குதுடா.

மாப்ள: தூக்க முடியாத கை அதுக்கு மட்டும் சும்மா இருக்க மாட்டேங்குதா?

மாமா: சரி விடு. நாளைக்குத்தான் திரும்ப ஓட்டப் போறாரே. இதே மாதிரி சேறு வரும்ல?

மாப்ள: எங்கேர்ந்து வரும்? இருந்தது எல்லாம் இன்னிக்கே வந்துடுச்சே. தண்ணியைப் பாருங்க. அடியில ஊசி விழுந்தா தெரியும்.

மாமா: ...ரொம்ப நல்லா வேலை செஞ்சதுனால வேலை செய்யலைன்னு ஆயிடும்ங்கிற.

மாப்ள: ஆமா.

மாமா: கூடை காலியா இருந்தா மெஷினை எடுத்துட்டுப் போயிடுவார்.

மாப்ள: அக்கா சாவியைக் கொடுத்துடுவா.

மாமா: அப்புறம் நான் கம்பைத் தூக்கணும்.

மாப்ள: ம்.

மாமா: ம்... காக்கா ஏதாவது வருமாடா நாளைக்கு?

மாப்ள: அதை நாம எப்படி மாமா சொல்ல முடியும்?

*

மாப்ள: யாரு அங்க?

மாமா: நான்தான். சத்தம் போடாதே. காலையில நடந்தா உடம்புக்கு நல்லது.

மாப்ள: குளத்தைச் சுத்தியா?

மாமா: நீ எதுக்கு வந்த?

மாப்ள: நானும்... உடம்புக்குத்தான். தெருமுனை வரைக்கும் போயிட்டுத்தான் வரேன்.

மாமா: என்ன விசேஷம் தெருமுனையில?

மாப்ள: ஒண்ணும் இல்ல. மரத்தடி சுத்தமா இருக்கு. ஒரு இலை கிடையாது. யாரோ விடியறதுக்குள்ள மொத்தமா வாரிக்கிட்டுப் போயிட்டாங்க.

மாமா: அப்படியா. காலம் கெட்டுக் கிடக்கு.

மாப்ள: மாமா, இடது கையில என்ன பை?

மாமா: ...பை.

மாப்ள: தண்ணி மேல என்னமோ மிதக்குதே.

மாமா: எங்க?

மாப்ள: அதோ. கப்பல் விட்ட மாதிரி வரிசையா. வாதாம் இலை.

மாமா: காத்து பலமா அடிச்சுது.

மாப்ள: ஐயோ, அப்படிப் போடக்கூடாது மாமா! காஞ்ச இலை மேலயேதான் நிக்கும், மெஷின் அடியில சுத்திக்கிட்டுக் கிடக்கும். பக்கெட் தண்ணியில நல்லா முக்கி, காத்து போகக் கசக்கிப் பிழிஞ்சு, ஆழமான பக்கம் கொத்தா விடணும். அப்பத்தான்...

மாமா: அப்பத்தான்?

மாப்ள: ...மூழ்கும்.

மாமா: சொல்லு, சொல்லு. காக்காகிட்ட கத்துக்கிட்டியா?

மாப்ள: ...நான்தான் மாமா. முதல் நாள் கூடை காலியா வந்துது. இது போயிட்டா உங்க கை என்ன ஆகும்னு... மறுநாள்லேர்ந்து விடியறதுக்குள்ள கொண்டுவந்து போட்டேன். நீங்க விளக்குமாத்தோட வர்றதுக்கு முன்னாடியே போட்டுட்டுப் போயிடுவேன். அத்தனையும் கூட்டுனவரு இந்த இலையை மட்டும் எப்படிப் பாக்காம விட்டீங்கன்னுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

மாமா: பாக்காம விடுறதாவது! அடியில தட்டு தட்டா கிடந்துச்சு. ஒரு தள்ளு தள்ளியிருந்தா ஓரத்துக்கு வந்திருக்கும். இந்தக் கையை வச்சுக்கிட்டு, அதுல ஒண்ணுகூட நகரக்கூடாதுன்னு தினமும் அதைச் சுத்திச் சுத்திக் கூட்டினேன்டா... மெஷின் இருக்கட்டும்னு வாயால கேக்கத்தான் வரல. பக்கெட்டை எடுத்துட்டு வா, உங்க அக்கா எந்திரிக்கிறதுக்குள்ள பிழிஞ்சுடலாம்.